கழிவு போக

கோவைக்காரர் தந்த விலைப்பட்டியலில் மூன்று எந்திரங்கள்.
இருபது டன் அழுத்தம், முப்பது டன், நாற்பது.
டன் கூடக்கூட எழுத்தும் தடித்துக்கொண்டே போனது.

எங்கள் குடோன் மங்கலம் சாலையில்,
பழைய சாயப்பட்டறையின் பின்சுவரை ஒட்டி.
நாளொன்றுக்கு ஒரு டன் அட்டைப்பெட்டி.
அது போக, கட்டிங் மேசைகளிலிருந்து மூட்டை மூட்டையாய்
கழுத்து வெட்டிய வட்டங்கள்,
கை வெட்டிய பிறைகள்,
ஜெர்மனிக்குப் போகாத நீலம்.
எல்லாம் முக்கால்வாசி காற்று.
மூன்று வருடமாய் மில்லுக்குக்
காற்றை ஏற்றி அனுப்பி
லாரி வாடகை கொடுத்துவந்தேன்.

முதலில் கூரையை அளந்தேன்.
தகரத்துக்குக் கீழே இரும்பு உத்தரம், பத்தேகால் அடி.
நாற்பது டன் எந்திரம் சிலிண்டரைத் தூக்கினால் பன்னிரண்டு.
"கூரையத் தூக்கிரலாமுங்க" என்றார் கோவைக்காரர்,
தொப்பியைக் கழற்றச் சொல்வதுபோல.
ஆணி அடித்தாலே போன் பண்ணுகிற
கட்டடக்காரரை அவருக்குத் தெரியாது.

அடுத்தது மின்சாரம்.
மூன்று பேஸில் ஒன்று
மதியம் மூன்று மணிக்குச் சோர்ந்துவிடும், மனிதர்களைப்போல.

அப்புறம் துளசிமணி கேட்டாள்:
"அட்ட போடற வாசல் எத்தன ஒசரமுங்க?"
பட்டியலில் அது இல்லை.
போன் போட்டேன். நாலடி இரண்டங்குலம்.
துளசிமணியே நாலடி பத்தங்குலம்தான்.
சுவரோரம் போய் நின்று முழங்கையை மடக்கினாள்.
சாக்பீஸால் கோடு இழுத்தேன்: மூன்றடி ஒன்று.
"நாளுக்கு நானூறு தடவ தோளுக்கு மேல தூக்கோணும்.
அதுக்கு நீங்களே வந்து நில்லுங்க."

பாதி விலைக்கு ஒன்று இருக்கிறதென்று
தரகர் செவந்திலிங்கம் பல்லடத்துக்குக் கூட்டிப்போனார்.
ஓட்டிக்கொண்டிருந்தவன் ஒடிசாப் பையன்.
கதவு திறந்திருந்தது.
தட்டு இறங்கிக்கொண்டிருந்தது.
அவன் கை உள்ளே போய்
துருத்திய அட்டையொன்றை மடக்கிவிட்டு
வெளியே வந்தது.
மறுபடி போய், வந்தது.
மூன்றாம் முறை நான் பார்க்கவில்லை.

கதவோரம் விரல் நீளத்தில் ஒரு சுவிட்ச்.
கதவு சாத்தினால் அமுங்கும்,
அமுங்கினால்தான் தட்டு நகரும்.
யாரோ அதை அமுக்கியபடியே கட்டிவைத்திருந்தார்கள்,
பனியன் நாடாவால்.
வெளிர்மஞ்சள் ரிப், நல்ல இழுவை.
என் குடோனிலிருந்தே போயிருக்கலாம்.

"ஒவ்வொருக்காவும் சாத்தித் தொறந்தா
நாளைக்கு ரெண்டு கட்டு கொறையுமுங்க"
என்றார் உரிமையாளர், ஒளிக்காமல்.
கணக்கு சரிதான்.
திரும்பும்போது அருள்புரம் வரைக்கும்
அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே வந்தேன்.

வாங்கியது இருபது டன், புதிது.
வாசலை மூன்றடிக்கு இறக்கித்தர
பதினோராயிரம் கூட.
கட்டு நூற்றிருபது கிலோ.
இரண்டு பேர் உருட்டலாம், ஒருவர் நின்று திட்டலாம்.
கதவு திறந்தால் நிற்கிறதா என்று
டெலிவரி அன்று பதினேழு முறை திறந்தேன்.
பொருத்த வந்தவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

முதல் லோடுக்கு மில் சீட்டு வந்தது:
மூவாயிரம் கிலோ. ஈரத்துக்குக் கழிவு நூற்றைம்பது.
கழிவு விற்கிறவளிடமே கழிவு பிடிக்கிறார்கள்.
நானும் ஒன்று பழகிக்கொண்டேன்.
நோட்டில் ராத்திரிக்கு ராத்திரி எழுதுகிறேன்:
கதவு சாத்திய வகையில் கழிவு, கட்டு இரண்டு.
கழிவு போக,
துளசிமணி. கை இரண்டு. விரல் பத்து.

பல்லடத்து எந்திரம் மறுவாரமே விலைபோயிற்றாம்,
காங்கயத்துக்கு.
நாடாவோடுதான் போயிருக்கும்.
கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தேன்.
உருவு முடிச்சு.
இழுத்திருந்தால் வந்திருக்கும்.