இருமல் வரும் இடம்

யாரோ அனுப்பிய நாகசுரம்.
எந்த ஊர், எந்தத் திருவிழா, வாசிப்பவர் யார்,
ஒன்றும் எழுதவில்லை.
கரகரப்பிரியா, நாற்பத்தொரு நிமிடம்.
பதினேழாவது நிமிடத்தில்
கூட்டத்தில் ஒருவர் இருமுகிறார்.

ஓடுவதற்கு இதையா கேட்பீங்க என்று
தபால் பையைக் கட்டிக்கொண்டே சிரித்தான் பெள்ளிராஜ்.
அவன் செல்போனில் ஓடுவதற்கென்றே
அடித்து நொறுக்கும் பாட்டுகள் ஐம்பது இருக்கின்றன.
கேட்டுப் பார்த்தேன்.
பிடரியில் கை வைத்து
யாரோ தள்ளுவதுபோல் இருந்தது.
ஆலாபனை தள்ளாது.
அதற்குத் தாளமில்லை.
தாளத்துக்கு என் கால் இருக்கிறது.

ஐந்தே முக்காலுக்கு டானிங்டனில் தொடங்குவேன்.
குல்லாய், விரல் கிழிந்த கையுறை,
வலது காதில் மட்டும் நாகசுரம்.
இடது இயர்போன் ஒரு மழையில் செத்துப்போனது.
மாற்றவில்லை.
இடது காது மலைக்கு:
தேயிலை ஃபாக்டரியின் விசிறி இரைச்சல்,
மேட்டில் கியர் மாற்றும் முதல் பேருந்து,
மூன்று நாய்கள், அதில் ஒன்றுக்கு என்னைப் பிடிக்காது,
பிறகு கொஞ்ச தூரம்
எதுவுமே இல்லை.

ஜூனில் அந்த இருமல்
பால் சொசைட்டி வாசலில் வந்தது.
ஆகஸ்டில் கற்பூர மரங்களைத் தாண்டி.
அக்டோபரில், நானே நம்பவில்லை,
ஈளாடா தடுப்பணையின் தண்ணீர் தெரியும் வளைவில்.
நான் கைக்கடிகாரம் கட்டுவதில்லை.
முகம் தெரியாத ஒருவரின் தொண்டை
என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக
முன்னால் நகர்த்தி வைத்தது.
நாற்பத்தாறு வயதில் வேறு எது நகர்ந்தது?
பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர்
மூன்று வருடமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது.

நவம்பரில் முழங்கால்.
ஈரச் சருகு, ஒரு நொடி, அவ்வளவுதான்.
டாக்டர் படத்தை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து
"நடங்க, போதும்" என்றார்,
ஏதோ எனக்குச் சலுகை தருவதுபோல.
ஐந்து வாரம் நடந்தேன்.
இருமல் பின்வாங்கியது,
மரங்களுக்கு, சொசைட்டிக்கு,
ஒருநாள்
தொடங்கிய இடத்து டீக்கடை பல்பு
இன்னும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த தூரத்துக்கு.

மறுபடி ஓடியபோது
கால் பழைய கணக்கை மறந்திருந்தது.
இடதுக்கு அவசரம், வலதுக்கு நிதானம்.
நொண்டுகிறேன் என்றுதான் நினைத்தேன்.
வெட்கமாக இருந்தது, நாய்களின் முன்னால்கூட.
பிறகு எண்ணிப் பார்த்தேன்.
தகிட தகதிமி
தகிட தகதிமி
மூன்றும் நான்கும்.
கெட்டுப்போன ஆதிதாளம் இல்லை இது,
ஒழுங்கான மிஸ்ரசாப்பு.
வலி கற்றுக்கொண்டுதான் வந்திருக்கிறது.

இன்று காட்டுமாடு.
மூடுபனிக்குள் முதலில்
வெள்ளைக் காலுறை போட்ட நான்கு கால்கள் மட்டும்,
அதுவும் ஓட வந்ததுபோல.
பிறகு தோள். பிறகு கொம்பு.
ஓடக்கூடாது.
இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும் அது,
ஓட வந்தவளுக்கும்.
நின்றேன்.
வலது காதில் நாகசுரம்
மேல் பஞ்சமத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது.
இடது காதில் ஒரு பெரிய மூக்கின் மூச்சு.
நடுவில் என் நெஞ்சு மட்டும்
நிற்கச் சொன்னது கேட்காமல்
ஓடிக்கொண்டே இருந்தது.

அப்போது இருமினார்.
எப்போதும் நான்தான் அவரிடம் போய்ச் சேர்வேன்.
இன்று நின்ற இடத்துக்கு
அவரே வந்து இருமியதுபோல் இருந்தது.
காட்டுமாடு ஒரு காதை அசைத்தது.
அதற்குக் கேட்டிருக்காது.
ஈயாக இருக்கும்.
இருந்தாலும்.

அது தேயிலைக்குள் இறங்கிப் போனது,
செடிகளை விலக்காமல், செடிகளே விலகியதுபோல்.
சுற்றிப் பார்த்தேன், இது எந்த இடம் என்று வைத்துக்கொள்ள.
ஒரு சின்னப் பாலம்.
சுண்ணாம்பில் யாரோ எழுதிய எண், பாதி அழிந்து.
சொசைட்டிக்கு அப்பால், மரங்களுக்கு இப்பால்.

அந்த இருமல் அவருக்குச் சரியாகிவிட்டதா?
எந்த வருடத்துப் பதிவு என்றுகூடத் தெரியாது.
ஒன்பதரைக்குக் கவுன்டரைத் திறக்க வேண்டும்.
நாகசுரத்தில் இன்னும் இருபத்து நான்கு நிமிடம்.
திரும்பும் வழி இறக்கம்.