வாசலில் குந்திய கல்

கருப்பூரில் பஸ் இறங்கினால்
வெள்ளைக்கல் தூசி செருப்பில் ஒட்டும்.
இருபத்திரண்டு வருடமாக
அதைத் தட்டிவிட்டுத்தான் ஆய்வகத்துக்குள் நுழைகிறேன்.

உள்ளே,
ஜெர்மனியிலிருந்து வந்த குப்பியில்
அதே மக்னீசியம்.
விலையைக் கேட்டுவிட்டு மாதையன் சொன்னார்:
"சன்னலத் தொறந்து ஒரு மொறம் அள்ளிக்கலாமே மேடம்."
தூய்மை பற்றி விளக்கினேன்.
அவருக்கும் தெரியும்.

நரம்புச் செல்லின் வாசலில்
மக்னீசிய அயனி ஒன்று குந்தியிருக்கும்.
குளூட்டமேட் வந்து தட்டினாலும் எழாது.
உள்ளே மின்னழுத்தம் கொஞ்சம் ஏற வேண்டும்.
அப்புறம்தான் நகரும், அப்புறம்தான்
கால்சியம் பாயும், எலிக்கு
வழி நினைவிருக்கும்.
அது எப்போது எழுகிறது என்று பார்ப்பது,
அவ்வளவுதான் என் உத்தியோகம்.

"சேலத்திலிருந்தா?" என்று
விண்ணப்பம் மூன்று முறை திரும்பியது.
ஒரு ஆடியில் மின்சாரம் போய்
மைனஸ் எண்பது பெட்டி உருகியது.
நாலு வருடத்து எலி மூளைகள்
ஒரே ராத்திரியில் கொழகொழப்பு.
ஓமலூர் ரோட்டோரம்
ஸ்கூட்டியை நிறுத்தி அழுததை
எந்தக் கட்டுரையின் செய்முறைப் பகுதியிலும்
எழுதவில்லை.

நேற்று தில்ஷாத்
திரையை என் பக்கம் திருப்பினாள்.
தட்டையாகப் போய்க்கொண்டிருந்த கோடு
சட்டென்று கீழே இறங்கி மீண்டது.
"எந்திரிச்சிருச்சு மேடம்!"

மூன்று மில்லிசெகண்ட்.
மறுபடி வரவில்லை.
வெறும் இரைச்சலாகக்கூட இருக்கலாம் என்றேன்,
டீ குடிக்கப் போனோம்.

திரும்பி வந்தபோது
செருப்பைத் தட்ட மறந்திருக்கிறேன் போல.
மைக்ராஸ்கோப் மேசை வரை
வெள்ளைத் தடம்.
மாப்புக் குச்சியில் சாய்ந்து
மாதையன் பார்த்துக்கொண்டிருக்கிறார்.