பச்சை

பாத்தூமித் துறைமுகத்துக்குப் பின்னால்
மழை ஒழுகாத மூன்று கடைகளில் ஒன்று என்னுடையது.
வியாழன் மதியம் ஓதியா வந்தான்,
கமலா ஆரஞ்சு ஏற்றும் வேன்காரன்.
மடித்த சீட்டைப் பிரித்து
சுண்டுவிரல் நகமளவு மெமரி கார்டை
மேசைமேல் வைத்தான்.
வேனின் முன்கண்ணாடியில் மாட்டிய கேமராவுடையது.
"வீட்டுக் கம்ப்யூட்டர் திறக்க மாட்டேன் என்கிறது.
ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்டது,
சரி என்று அழுத்தப் போனேன்.
மகள் கையைத் தட்டிவிட்டாள்."

திங்கட்கிழமை கோர்ட்டு.
ரொட்டிக்கடை ஸ்கூட்டர் பையனுக்குத்
தோள்பட்டை எலும்பு இரண்டாகிவிட்டது.
சிக்னல் எனக்குப் பச்சை, என்றான் ஓதியா.
மூன்று முறை சொன்னான்.
மூன்றாவது முறை, என்னிடம் சொல்லவில்லை.

கார்டில் புதிதாக எதுவும் எழுதப்படாமல்
முதலில் பூட்ட வேண்டும்.
பிறகு நகல்.
படிக்க வராத இடத்தைத் தாண்டிப் போ,
மற்றதையெல்லாம் அள்ளிய பிறகு
திரும்பி வந்து தட்டிப் பார்.
சில இடங்கள் ஏழாவது தட்டலில் திறக்கும்.
சில இடங்கள் திறக்காது, அவற்றோடு சண்டை போடாதே.
இது கடைச் சுவரில் நானே எழுதி ஒட்டியது.
வீட்டில் கடைப்பிடித்ததில்லை.

விடிகாலை நாலரைக்கு
நூற்றுப்பன்னிரண்டு கோப்புகள்,
பெயரும் தேதியும் உதிர்ந்துபோய்.
பெட்ரோல் பங்கில் ஒரே நாய், ஒன்பது தடவை.
டயர் விலைக்காக யாரிடமோ போனில் கத்தல்.
சுரங்கப்பாதைக்குள் நுழையும்போதெல்லாம்
ஓதியா மூச்சை அடக்குகிறான்,
வெளிச்சம் வந்ததும் விடுகிறான்,
ஐம்பது வயது ஆள்.

தொண்ணூற்றுநான்கு.
மழை. முன்னால் பால் லாரி,
அதன் முதுகு மறைத்த சிக்னல்.
லாரி வலப்பக்கம் விலகத் தொடங்குகிறது.
விளக்குக் கம்பத்தின் விளிம்பு.
அங்கே படம் உடைகிறது.
கட்டம் கட்டமாக, மேலிருந்து கீழாக,
கம்பம் பச்சை, சாலை பச்சை,
வைப்பர் பச்சை, வானமும் பச்சை.

வெள்ளிக்கிழமை அவனுக்குப் போட்டுக் காட்டினேன்.
"பார்! பச்சை!" என்று எழுந்துவிட்டான்.
நாற்காலி பின்னால் விழுந்தது.

தகவல் இல்லாத இடத்தில்
எல்லா எண்ணும் சுழியாகிவிடும், ஓதியா.
சுழியைத் திரையில் கொட்டினால்
அதன் நிறம் இப்படித்தான்.
இது விளக்கு இல்லை. எதுவுமே இல்லை.
பச்சைப் பொய் என்றும் இதைச் சொல்ல முடியாது,
பொய் சொல்ல அங்கே ஆளில்லை.

"கோர்ட்டில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

பதில் சொல்லாமல் ஒலியைக் கூட்டினேன்.
படம் செத்த இடத்தில் ஒலி பிழைத்திருந்தது.
வைப்பரின் கிறீச்.
அவன் குரல், குழந்தையிடம் கெஞ்சுவதுபோல்:
"மாறாதே, மாறாதே, ஒரு நொடி இரு..."
பிறகு நாக்கை ஒருமுறை சப்புக்கொட்டல்.
எஞ்சின் உறுமல்.
பிறகு அந்தச் சத்தம்.
அதற்கும் பிறகு வெகுநேரம்,
ஆரஞ்சுகள் தகரத்தில் உருண்டுகொண்டே இருந்தன.

அவன் நாற்காலியை நிமிர்த்தினான்.
உட்காரவில்லை.
"ஒலியை மட்டும் அழிக்க எவ்வளவு?"

அழிக்க நான் காசு வாங்குவதில்லை,
அழித்ததைத் தேடிக் கொடுக்கத்தான் வாங்குகிறேன், என்றேன்.
கொஞ்சம் திமிராகத்தான் சொன்னேன்.
இப்போது வேறு மாதிரி சொல்லியிருக்கலாம் என்று படுகிறது.

முழுப் பணத்தையும் எண்ணி வைத்தான்.
நூற்றுப்பன்னிரண்டையும் வாங்கிக்கொண்டான்.
வாசலில் மழைக்காக நின்றான்,
எதிரே தெருமுனைச் சிக்னல்
யாருமில்லாத சாலைக்கு
மூன்று நிறத்தையும் காட்டி முடிக்கும் வரை.

திங்கட்கிழமை கோர்ட்டில்
அவன் எதைப் போட்டுக் காட்டினான், தெரியாது.
வாடிக்கையாளர் நகலை
முப்பதாம் நாள் அழித்துவிடுவேன் என்று
ரசீதின் அடியில் அச்சிட்டிருக்கிறேன்.
இன்று முப்பத்தொன்று.