என்றென்றைக்கும், எட்டு வட்டியில்

சயானில், ஆஸ்பத்திரி அறக்கட்டளை அலுவலகத்தில்
மூன்றாவது மேசை என்னுடையது.
ஜூலை மழை ஜன்னல் இடுக்கு வழியே
ரசீதுக் கட்டின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.
ரூபி ஞானசிகாமணி குடையை மடக்காமலே உள்ளே வந்தார்.
ஓய்வுபெற்ற தியேட்டர் நர்ஸ்.
கையில் ரெண்டரை லட்சத்துக்கு ஒரு செக்,
தேதி போடாதது.

அவசரப் பிரிவு வாசலில்
ராத்திரி காத்திருப்பவர்களுக்கு டீ.
மாசம் ஆயிரம் ரூபாய்க்கு.
எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டேன்,
படிவத்தில் அப்படி ஒரு கட்டம் உண்டு.
"ஆஸ்பத்திரி இருக்கிறவரைக்கும்."
கொஞ்சம் யோசித்து,
"அதுக்கப்புறமும்."

என்றென்றைக்கும் என்பதற்கு
எங்களிடம் வாய்பாடு இருக்கிறது, சிஸ்டர்.
வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம், வட்டி எட்டு.
வகுத்தால் ஒன்றரை லட்சம்.
அவ்வளவுதான்.

அவர் நம்பவில்லை.
முடியாத ஒன்றைக் கூட்டினால்
தொகை மட்டும் எப்படி முடியும்?

கால்குலேட்டரை அவர் பக்கம் திருப்பினேன்.
அடுத்த வருஷத்து டீயின் இன்றைய விலை
பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று.
ஐம்பதாம் வருஷத்துக்கு இருநூற்று ஐம்பத்தாறு.
நூறாம் வருஷத்துக்கு ஐந்தரை ரூபாய்:
இன்னும் பிறக்காதவர்களுக்காக
இன்னும் பிறக்காதவர்கள்
ஒரு வருஷம் முழுக்க விழித்திருந்து குடிக்கும் டீ,
பாதி வடாபாவுக்குக்கூடக் காணாது.
இருநூறாம் வருஷம், கால் பைசா.
வட்டிக்கு வட்டி பின்னோக்கி நடந்தால்
தூரத்து மனிதர்களை இப்படித்தான் சுருக்கும்.
முதல் முப்பது வருஷமே
தொண்ணூறு சதவீதத்தைத் தின்றுவிடும்.
அதற்கப்பால் உள்ள காலம் மொத்தமும்
பதினைந்தாயிரத்துக்குள் அடக்கம்.

அவர் அந்தக் கால் பைசாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"டீ விலை ஏறாதா தம்பி?"

ஏறும்.
வருஷத்துக்கு ஐந்து என்று வைப்போம்.
எட்டில் ஐந்து போக மூன்று,
மூன்றால் வகுத்தால் நான்கு லட்சம்.
"எட்டே ஏறினா?"
எட்டில் எட்டு போனால் பூஜ்யம்.
அந்தத் தொகையைக் கட்ட
எந்த பேங்கிலும் சலான் இல்லை.

செக்கைத் தன் பக்கம் இழுத்தார்,
மறுபடி என் பக்கம் தள்ளினார்.
"இதுக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு. விலை ஏறுறதோட."
ரெண்டரை லட்சத்தில் மூன்று சதவீதம்.
ஏழாயிரத்து ஐந்நூறு.
கிளாஸ் பத்து ரூபாய், எழுநூற்றைம்பது கிளாஸ்.
நாளுக்கு இரண்டு.
லீப் வருஷத்திலும் பதினெட்டு மிஞ்சும்.

"போதும்" என்றார்.
"ஒண்ணு காத்திருக்கிறவங்களுக்கு.
பக்கத்துல இன்னொருத்தர் இருப்பாங்கல்ல."

ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை:
இந்த வாய்பாட்டில் முதல் தவணை
ஒரு வருஷம் கழித்துத்தான்.
வட்டி விளைய வேண்டும்.
இன்று ராத்திரிக்கு ஒன்றுமில்லை.

அவர் தேதி போட்டார்.
கைப்பையைத் திறந்தார்.
"இந்த வருஷத்தை ராம்சுமேர் கடையில
நானே குடுத்துக்கறேன்."

ஒன்பது மணிக்கு அந்த வாசல் வழியாகத்தான் போனேன்.
ராம்சுமேர் தட்டில் இரண்டு கிளாஸோடு
யாரிடம் நீட்டுவதென்று தெரியாமல்
மழையோரமாக நின்றிருந்தான்.
அங்கே நாற்பது பேர் இருந்தார்கள்.