எல்லாப் பக்கங்களையும் வாசிக்க அனுமதி

மல்லாவிச் சந்தியில் உரக்கடை மேல்மாடி.
மின்விசிறிக்கு இரண்டே இறகு.
இங்கேயிருந்துதான் போகிறது
ஒன்பதாயிரத்துச் சொச்சம் உலாவிகளுக்குள்
நானும் துவாரகனும் எழுதிய செருகி.

அது செய்வது சின்ன வேலை.
பழைய பாமினியில் தட்டிய பக்கங்களில்
மெய்யெழுத்தின் தலைப்புள்ளி
அரைப்புள்ளியாகிப் பக்கத்தில் விழுந்து கிடக்கும்.
பொறுக்கியெடுத்து உரிய தலையில் வைக்கும்.
அவ்வளவுதான்.

ஆனால் எது எங்கே விழுந்ததென்று தெரிய
எல்லாவற்றையும் பார்க்கவேண்டும்.
நிறுவும்போதே கேட்கும்:
நீங்கள் போகும் எல்லாத் தளங்களிலும்
உங்கள் தரவை வாசிக்கவும் மாற்றவும்
அனுமதிக்கிறீர்களா?
ஒன்பதாயிரம் பேரும் ஓம் என்றார்கள்.
ஒருவர்கூட ஏனென்று கேட்கவில்லை.
றோட்டில் பையைத் திறந்து காட்டிப் பழகிய கை
என்று இதைச் சொல்லலாம். சொல்லமாட்டேன்.
சோம்பல்தான். எனக்கும் அதே சோம்பல்.

மாசியில் ஒரு மின்னஞ்சல்.
செருகியை வாங்க விருப்பமாம்.
தொகை: துவாரகனின் அக்காவுக்கு ஒரு லாண்ட்மாஸ்டர்,
பெட்டியோடு, புதுசு.
எங்கள் நிரலில் கைவைக்க மாட்டார்களாம்,
தங்கடை துண்டொன்றைப் பக்கத்தில் கொளுவுவார்களாம்.
அந்தத் துண்டின் மூலநிரலை மட்டும்
காட்டமாட்டார்களாம்.

"உரிமத்தில எங்க தடை இருக்கு?" என்றான் துவாரகன்.
கரண்ட் போனபிறகும் போன் வெளிச்சத்தில் வாசித்தோம்.
யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம்.
மாற்றிக் கொடுத்தால் மூலநிரலையும் கொடுக்கவேண்டும்.
"அவங்கள் மாத்தேல்லையே. கொளுவுறாங்கள்."
கொளுவினது வேறு சாமானா, இதன் உறுப்பா?

கீழே வாடகை மெசினில் உரமூடை ஏற்றிக்கொண்டு
தவமலர் அக்கா நின்றா. இறங்கிப் போய்க் கேட்டோம்:
பெட்டி மெசினோட சேர்த்தியோ, வேறயோ?
கொளுவாணியைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே சொன்னா:
"நிக்கேக்க வேற. ஓடேக்க ஒண்டு.
பொலிஸ் மறிச்சா, ஆருக்கு லாபமோ அப்பிடி."

படித்த சட்டத்தரணிகளும் பதினைந்து பக்கம் எழுதி
இங்கேதான் வந்து நிற்பார்கள் என்று நினைக்கிறேன்.

அந்த ஒன்பதாயிரத்தில்
பாண்டியன்குளத்தில் பழைய சுற்றறிக்கை தேடும் எழுதுவினைஞர் ஒருவர்,
ரொறன்ரோவில் இரவிரவாய் மரண அறிவித்தல் பார்க்கும் ஒருவர்.
வங்கிக் கணக்கையும் அதே உலாவியில்தான் திறக்கிறார்கள்,
வைத்தியரின் அறிக்கையையும்,
அழித்து அழித்து எழுதும் கடிதத்தையும்.
உரிமம் முழுக்க நிரலைப் பற்றித்தான் பேசுகிறது.
அவர்கள் சொன்ன ஓமைப் பற்றி
ஒரு வரி இல்லை.
நிரல் எல்லாருடையதும். ஆரும் கொண்டுபோகட்டும்.
ஓம் எனக்குத் தந்தது.
அதை விற்க
எனக்கு ஆர் அனுமதி தந்தது?

பங்குனி முதல் கிழமை புதிய பதிப்பு போட்டேன்.
இனி அது தானாக எதையும் பார்க்காது.
சொடுக்கினால் மட்டும்,
அந்த ஒரு பக்கத்தை மட்டும்.
இருநூறு பேர் திட்டினார்கள்.
ஒவ்வொருக்காலும் சொடுக்கிறதோ, உமக்கென்ன விசரோ
என்று ஒருவர், அழகான யுனிகோட்டில்.
வாங்க வந்தவர்
அதற்குப்பிறகு எழுதவேயில்லை.

துவாரகன் மூன்று நாள் மாடிக்கு வரவில்லை.
நாலாம் நாள் வந்தான். கதைக்கவில்லை.
உதவிக் கோப்பில் நான் விட்ட
ஒற்றுப்பிழை ஒன்றைத் திருத்திவிட்டு
யன்னல் பக்கம் போய் நின்றான்.
கீழே வாடகை மெசின் கிளம்பியது,
பெட்டி பின்னால் துள்ளித் துள்ளி.

வந்த தொகை எவ்வளவென்று
அக்காவுக்கு இன்னும் நாங்கள் சொல்லவில்லை.