சினைப்பெயர்

ஆரே காலனி, பத்தொன்பதாம் யூனிட்.
ராத்திரி முழுக்கப் பெய்தது இன்னும் தகரத்தில் சொட்டுகிறது.
இடது கையில் தோள்வரை பிளாஸ்டிக் உறை,
அதன்மேல் சோப்புத் தண்ணீர்.
ராம்சூரத் வாலைத் தூக்கிப் பிடிக்கிறான்.
கண்ணை மூடிக்கொள்கிறேன்.
கை உள்ளே போனபிறகு கண் ஒரு தொந்தரவு.

முதலில் சாணம். கைகையாய் வாரிக் கொட்டவேண்டும்.
பிறகு வெதுவெதுப்பு.
ஜூலை மாதத்தில் இந்த ஊரில்
என் உடம்பில் குளிராத ஒரே இடம் அந்தக் கை.
இடுப்பெலும்பின் விளிம்பு,
கெட்டியாய்க் கருப்பைக் கழுத்து,
அதைத் தாண்டி இரண்டு கொம்பு,
தலையில் இருப்பவை போலவே சுருண்டவை,
யாரையும் முட்டாதவை.

ஒன்று மட்டும் பருத்திருந்தால் இரண்டு மாதம்.
நாலைத் தாண்டிவிட்டால்
ரத்தக்குழாயில் ஓர் இரைச்சல், விரலுக்கு மட்டும் கேட்கும்.
ஆன்டாப்ஹில் சாலில் விடிகாலை நாலு மணிக்கு
குழாய் விடுமே ஒரு புஸ்ஸ், அது.
ஒரு சொட்டும் விழுந்திருக்காது.
அம்மா குடத்தோடு எழுந்திருப்பாள்.

"காபின்" என்பேன்.
ராம்சூரத் முதுகில் சுண்ணாம்புக்கோடு இழுப்பான்.
இல்லையென்றால் "காலி".
அந்தச் சொல்லை நான் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.
வீடு காலி, பர்ஸ் காலி, ஆள் காலி.
இங்கே காலி என்றால் சனிக்கிழமை லாரி.
தேவ்னார்வரை நின்றுகொண்டே போகும்.

ஏழாம் வகுப்பில் தமிழ் டீச்சர் பலகையில் எழுதினார்:
கை, கால், கிளை, இலை. சினைப்பெயர்.
முழுசின் ஓர் உறுப்பு.
மாடு சினையா இருக்குன்னு சொல்றாங்களே, அதுவா டீச்சர்?
வகுப்பே சிரித்தது.
அது வேற, உட்காரு.

உட்கார்ந்தேன்.
பதினெட்டு வருஷமாகிறது,
தினம் காலையில் சினையால் சினை தேடுகிறேன்.

போன வருஷம் ஐம்பத்தேழுக்குக் காலி என்று எழுதினேன்.
அன்றைக்கு நாற்பது எருமை. தோள் மரத்திருந்தது.
ஞாயிறு மதியம் மகரந்த் கூப்பிட்டான்.
பரேலில் என்னோடு படித்தவன்,
தேவ்னாரில் இறைச்சிப் பரிசோதகன்.
"காதுவில்லை உன் யூனிட்டுது" என்றான்.
அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை,
போனை வைக்கவும் இல்லை.
பின்னால் குழாயடித்துத் தரை கழுவும் சத்தம்.

அதற்குப் பிறகு என் நோட்டில் ஒரு குறி கூடியது.

அறுபத்து மூன்று.
மூன்று ஈற்று ஆனது, ஒரு காம்பு கெட்டது.
கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே
என்னவோ நழுவிற்று.
சவ்வா, என் ஆசையா?
எழுதுகிறேன்: ?
பதினைந்து நாள் கழித்து மறுபடி பார்க்க.

இஷ்தியாக் சேட் டீ கிளாஸை நீட்டுகிறார்.
"மேடம், உங்க கேள்விக்குறி
ஒரு நாளைக்கு முந்நூறு ரூபாய் தின்னுது.
போன மாசம் நாலு. இதோட இந்த மாசம் ஆறு."
தெரியும் என்கிறேன்.
"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்."
புல்லுக்காரனுக்குப் போன் போடுகிறார்.

பதினைந்தாம் நாள்.
சோப்புத் தண்ணீர். வால். கண்ணை மூடினேன்.
இரண்டு கொம்பும் சமம்.
மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன்.
ராம்சூரத், கையில் சுண்ணாம்போடு,
என் முகத்தைப் பார்க்காமல் நின்றான்.
காலி என்றேன்.

சேட்டின் கணக்கில் நாலாயிரத்து ஐந்நூறு நஷ்டம்.
அறுபத்து மூன்றின் கணக்கில்
பதினைந்து நாள் பச்சைப்புல்,
அதில் இரண்டு நாள்
வெயில்கூட அடித்தது.