நடத்தை என்றொரு நிரல்

இரணைமடுவுக்குக் கிழக்கே, செங்கிரவலில்
இரண்டு மீற்றர் சதுரம்.
கண்ணிவெடி எடுத்த கையென்றுதான்
என்னை இந்த வேலைக்குப் பிடித்தார்கள்.
அவசரப்படாதாம் இந்தக் கை.

அரிதட்டில் மிஞ்சுவதை மூன்றாய்ப் பிரிக்கவேண்டும்:
மனிதர் உடைத்த கல்,
தானாய் உடைந்த கல்,
தெரியாது.

மனிதர் உடைத்ததென்றால்
அடிபட்ட இடத்தில் சின்னப் புடைப்பு,
அதைச் சுற்றிக் குளத்தில் எறிந்த கல்லுக்குப்போல வளையங்கள்.
படிகக்கல்லில் அதுவும் ஒழுங்காய் விழாது என்கிறார்
சத்தியரூபன் சேர்.
வெயிலுக்குச் சரித்துப் பிடி. விரலால் பார்.

பார்த்தேன்.
நகத்தளவு சில்லு.
எத்தனை ஆயிரம் வருடமோ,
ஓரம் இன்னும் பாக்குச் சீவும்.

மேல்மண்ணில் செல் விழுந்து சிதறிய கல்லும் வருகிறது.
சிலதில் புடைப்பும் உண்டு.
இதையும் மனிதர்தானே உடைத்தது, சேர்?
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
'தெரியாது'வில் போடச் சொன்னார்.

பின்னேரம் படிவம் நிரப்பவேண்டும்.
நடத்தை என்றொரு நிரல்.
சாம்பல் தடிப்பென்றால் தங்கி வாழ்ந்தனர்.
மெல்லிசென்றால் நடமாடும் கூட்டம்.
சில்லுகள் குவிந்து கிடந்தால் பட்டறை.
எலும்பில் கீறல் இருந்தால் இறைச்சி அறுத்த இடம்.
குழியும் அதற்குள் மடக்கிக் கிடத்திய உடலும் கிடைத்தால்
இறந்தவரைப் பற்றி நினைத்தனர்.
கிடைக்காவிட்டால் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு.

எங்களை வைத்துப் பார்த்தேன்.
மாசி தொடங்கி வைகாசிவரை
பதினொரு இடத்தில் அடுப்பு மூட்டினோம்.
மூன்று கல், ஒரு கைப்பிடிச் சாம்பல்.
ஒரு இடத்தில் அதுவும் இல்லை,
குழைத்த மா கையில் ஒட்டியிருக்க எழும்பி ஓடினோம்.
நடமாடும் கூட்டம்.
மாமிக்கு வெட்ட மண்வெட்டி இருந்தது.
மண்ணும் இளக்கம்தான்.
வெட்டவில்லை.
அவவின் கட்டத்தில் ஒரு கோடு.

நேற்று யோகமலர் கூப்பிட்டாள்.
ஒரு முழத்துக்குள் ஐந்து சில்லு.
தரையில் குந்தியிருந்து பொருத்திப் பார்த்தோம்.
உடைந்த கோப்பை மாதிரி ஒன்றோடொன்று சேர்ந்து
பாதிக் கல் வந்தது.
மீதியைத் தேடிச் சதுரம் முழுக்க அரித்தோம்.
இல்லை.

பாதி அடித்தபடி எழும்பிப் போயிருக்கிறார்.
அந்தக் கல்லையும் கொண்டு போயிருக்கிறார்.

இதற்கு என்ன எழுத, சேர்?
பட்டறை, என்றார்.

எழுதினேன்.
குறிப்பு என்ற இடத்தில் பென்சிலால்
'யாரோ கூப்பிட்டிருக்கவேண்டும்' என்றும் எழுதினேன்.
கொழும்புக்கு அனுப்பமுன்னர் அவர் அதை அழிப்பார்.
அழிக்கட்டும்.
அழுத்தித்தான் எழுதினேன்,
கீழ்த்தாளில் பதிந்திருக்கும்.
வெயிலுக்குச் சரித்துப் பிடித்தால் தெரியும்.